பெயரில் இட்ட முதல்

ஓர் ஊரின் பெயரே அவ்வூரின் முதல் வரலாற்று ஆவணம் எனலாம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்று எவரும் செங்கல் அறுப்பதில்லை. 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அத்தாப்புக் கூரைகள் நிறைந்த அந்நாளையக் கோலாலம்பூரைப் பாழாக்கின. நகரைச் செங்கல்லால் மீண்டும் எழுப்புவது என்ற முடிவு அதன்பின் பிறந்தது. செங்கற்சூளைகள் எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. சூளைகள் மறைந்தன, பெயர் மறையவில்லை. இரயில்வேப் பணியாளராக வந்த தமிழர் அங்குக் குடியேறினர். கோவிலும் பள்ளியும் கடைத்தெருவும் கண்டனர். 2001ஆம் ஆண்டில் கே.எல். சென்ட்ரல் நிலையம் அங்குத் திறக்கப்பட்டது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் அவ்வட்டாரம் லிட்டில் இந்தியா என்ற புதுப்பெயரையும் பெற்றது. கிள்ளான் துறைமுகத்தின் கதையும் இத்தகையதே. 1901இல் ஓர் ஆங்கில அதிகாரியின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் எனத் திறக்கப்பட்ட துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது.

ஊர்ப்பெயரைத் தனியொருவர் விலைக்கு வாங்க இயலாது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் புதியதொரு வகைப் பெயர் உலகில் தோன்றியுள்ளது. அதனைப் பதியலாம், விற்கலாம், வாங்கலாம், விலையேறும் என்று எண்ணி வைத்திருக்கலாம். அதுவே டொமைன் எனப்படும் இணையப் பெயர். அப்பெயர்களுள்ளும் ஒரு நாட்டின் அடையாளத்தை ஈற்றில் தாங்கி நிற்கும் ஈரெழுத்துப் பெயர்களின் வரலாறு தனிச்சிறப்புடையது. முதலீடு எது, பதுக்கல் எது என்ற பழைய வினாவை அது புதிய வடிவில் எழுப்புகின்றது.

ஈரெழுத்துக் குறியின் பிறப்பு

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மாந்தர் நினைவில் எண்கள் தங்குவதில்லை, பெயர்களே தங்குகின்றன. எனவே எண்ணுக்குப் பெயர் சூட்டும் முறையொன்றை அமெரிக்க அறிஞர் பால் மொக்காபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். அம்முறை மரம் போன்றது. வேரிலிருந்து கிளைகள் பிரிகின்றன. கிளையிலிருந்து சிறுகிளைகள் பிரிகின்றன. இணையப் பெயரை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் படித்தால் இவ்வமைப்பு விளங்கும். ஈற்றில் நிற்பது நாடு அல்லது வகை. அதற்கு முன் நிற்பது நிறுவனம். அதற்கும் முன் நிற்பது அந்நிறுவனத்தின் ஒரு பிரிவு.

எந்தெந்த நாட்டிற்கு எந்தக் குறியை வழங்குவது என்ற சிக்கல் உடனே எழுந்தது. எது நாடு, எது நாடன்று என்பது போர்களை மூட்டவல்ல கேள்வி. இணையப் பெயர்களைப் பேணிவந்த ஜோன் போஸ்டல் அக்கேள்விக்குள் நுழையவே மறுத்தார். அனைத்துலகத் தர அமைப்பு ஏற்கெனவே வகுத்திருந்த நாட்டுக்குறிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். 1985ஆம் ஆண்டு முதல் அக்குறிகள் ஒவ்வொன்றாக வழங்கப்படலாயின.

1994இல் போஸ்டல் எழுதி வெளியிட்ட நெறிமுறைக் குறிப்பொன்று ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு நாட்டின் குறியைப் பேணுபவர் அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்திற்கும் அறங்காவலர் போன்றவர் என்று அஃது உரைத்தது. உரிமை, உடைமை என்ற சொற்கள் இவ்விடத்திற்குப் பொருந்தா. பொறுப்பு, தொண்டு என்பனவே பொருந்தும் என்பது அதன் சாரம். கோவில் நிலத்தை அறங்காவலர் பேணும் மரபை அறிந்த தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. பின்வந்த நாற்பதாண்டு வரலாறு முழுவதும், இந்த அறங்காவல் நெறிக்கும் விற்பனை நெறிக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே எனலாம்.

மலேசியாவுக்குக் கிட்டிய குறி

மலேசியாவுக்குரிய டாட் மை என்னும் குறி 1987 ஜூன் 8ஆம் நாள் உலகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டில்தான், 1985இல் தொடங்கப்பெற்ற மீமோஸ் ஆய்வு நிறுவனம், ராங்கோம் என்னும் கணினி வலைப்பின்னலை அமைத்தது. அதன் வழிவந்த ஜாரிங் 1992ஆம் ஆண்டு முதல் நாட்டின் முதல் இணையச் சேவையாக விளங்கியது. டாட் மை பெயர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு மைநிக் என்னும் அமைப்பிடம் சேர்ந்தது. தொடக்கத்தில் மீமோஸின் அரவணைப்பில் இயங்கிய அவ்வமைப்பு, பின்னர்த் தனி அரசு நிறுவனமாயிற்று. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் மின்முகவரிகளையும் தன் எல்லைக்குள் கொணர்ந்தது.

இக்குறியில் ஒரு வியப்பு உண்டு. ஆங்கிலத்தில் மை என்பது 'என்னுடைய' எனப் பொருள்படும் சொல். எனது வீடு, எனது கடை, எனது பணம் என்று எதனையும் அதனுடன் இணைத்து விளம்பரம் செய்யலாம். தமிழிலோ அஃது எழுதும் மை. பட்டியலில் தற்செயலாக அமைந்த இரண்டெழுத்து, உலகச் சந்தையில் நல்ல விலை போகக்கூடிய சொல்லாகவும் அமைந்துவிட்டது.

எனினும் மலேசியா அச்சந்தைக்கு வாயிலை அகலத் திறக்கவில்லை. நெடுங்காலம் டாட் மை என்பதன் நேரடிக் கீழ்நிலையில் பெயர் பதிய இயலாதிருந்தது. வணிக நிறுவனங்களுக்குக் காம், பொது அமைப்புகளுக்கு ஆர்க், கல்வி நிலையங்களுக்கு எடு, அரசுக்குக் கவ் என இடைப்பகுப்பு இருந்தது. 2008ஆம் ஆண்டில்தான் டாட் மை என்பதன் நேர்க்கீழே பெயர் பதியும் வாய்ப்பு மலேசியக் குடிமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பதிவு செய்பவர்க்கு இந்நாட்டுத் தொடர்பு வேண்டும் என்ற நெறி அப்போது கைவிடப்படவில்லை. இக்கட்டுப்பாட்டினால் நாடு ஈட்டாமற்போன பணம் எவ்வளவோ இருக்கலாம். ஆனால் கிள்ளானில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் தம் கடைப்பெயரைப் பதியச் செல்லும்போது, கடல் கடந்த தரகரொருவர் அதனை முன்னரே பிடித்து வைத்திருக்கும் வாய்ப்பு அதனால் குறைந்தது.

பெயர் பொருளாகிய காலம்

பிற நாடுகள் சில வேறு வழியில் சென்றன. அதனை விளங்கிக்கொள்ளப் பெயருக்கு விலை வந்த கதையை அறிதல் வேண்டும். 1995 செப்டம்பர் வரை டாட் காம் போன்ற பெயர்களைக் கட்டணமின்றிப் பதியலாம். அதன்பின் இரண்டாண்டுக்கு 100 அமெரிக்க டாலர் கட்டணம் வந்தது. கட்டணம் வந்ததும் வணிகமும் வந்தது. வணிகம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றைத் தாங்கிய டாட் காம் பெயர், 1999இல் 75 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. காலி மனையை வாங்கிப் போட்டு விலையேற்றத்திற்குக் காத்திருப்போர் போல, நல்ல சொற்களைப் பதிந்து வைத்துக் காத்திருப்போர் உலகெங்கும் தோன்றினர்.

இச்சந்தையில் எதிர்பாராத செல்வம் சிறு தீவுகளுக்கு வாய்த்தது. பசிபிக் கடலில் ஏறத்தாழப் 11,000 மக்கள் வாழும் துவாலு நாட்டிற்குப் பட்டியல் வழங்கிய குறி டிவி. தொலைக்காட்சி நிறுவனங்கள் விரும்பும் குறியாக அது விளங்கிற்று. ஓர் அமெரிக்க நிறுவனம் அக்குறியை நிர்வகிக்கும் உரிமையைப் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளில் 5 கோடி டாலர் தர உடன்பட்டது. அப்பணத்தின் துணையுடன் துவாலு 2000 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று. கரீபியன் கடலிலுள்ள அங்கில்லாத் தீவின் குறி ஏ.ஐ. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் அதுவே. 2023ஆம் ஆண்டில் அத்தீவின் அரசு இக்குறியால் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் டாலர் ஈட்டியது. அஃது அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேலாகும்.

எல்லாத் தீவுகளுக்கும் இப்பேறு கிட்டவில்லை. நியூவே என்னும் சிறு தீவின் குறி நு. சுவீடிய மொழியில் அச்சொல் 'இப்பொழுது' எனப் பொருள்படும். எனவே சுவீடனில் அக்குறி பெரிதும் விலைபோயிற்று. ஆனால் தன் குறியால் விளைந்த பயன் தனக்கு வந்து சேரவில்லை என்று முறையிட்ட நியூவே, 2018இல் சுவீடன் நீதிமன்றத்தை நாடியது. நிலம் ஒருவருடையது, விளைச்சல் மற்றொருவருடையது என்ற நிலை தோட்டப்புறத் தமிழர்க்கு நன்கு தெரிந்த நிலையே.

மண்ணில்லா மனையின் இடர்கள்

பெயரை நிலத்தோடு ஒப்பிடுதல் ஓரளவே பொருந்தும். நிலத்திற்குக் கிராண்ட் உண்டு. இணையப் பெயருக்கோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான பதிவு மட்டுமே உண்டு. கட்டணத்தைக் காலத்தில் செலுத்தித் தவறாது புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கத் தவறிய பெயர் மீண்டும் பொதுவெளிக்கு வந்துவிடும். காத்திருக்கும் வேறொருவர் அதனைக் கைப்பற்றலாம். எனவே இணையப் பெயரை வாங்குதல் என்பது உண்மையில் குத்தகை எடுத்தலே.

நாட்டுக்குறிப் பெயரில் முதலீடு செய்பவர் அந்நாட்டின் ஊழையும் சேர்த்தே வாங்குகின்றார். யூகோசுலாவியா என்னும் நாடு சிதறிய பின்னர், அதன் ஒய்.யு. குறி 2010இல் உலகப் பதிவேட்டினின்றும் நீக்கப்பட்டது. அதனடியில் இருந்த பெயர்கள் யாவும் உடன் மறைந்தன. அதே 2010இல், லிபியாவின் எல்.ஒய். குறியின்கீழ் இயங்கிய அயல்நாட்டார் பெயரொன்று, அந்நாட்டுச் சட்டத்திற்கு முரணானது என்ற காரணத்தால் பறிக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியதன் விளைவாக, 2021 ஜனவரி முதல் நாளில், பிரிட்டனில் வாழ்வோர் பதிந்திருந்த எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட இ.யு. பெயர்கள் முடக்கப்பட்டன. அவற்றை வைத்திருந்தோர் பிழை எதுவும் செய்தாரல்லர். அரசியல் மாறியது, பெயர் போயிற்று.

மூன்றாவது இடர், பிறர் பெயரைப் பிடித்து வைப்போரால் விளைவது. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைத் தாம் பதிந்துகொண்டு, பின்னர் அந்நிறுவனத்திடமே பெருந்தொகை கேட்கும் வழக்கம் 1990களில் பரவியது. 1998இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை முறையற்றது எனத் தீர்த்தது. மலேசியாவிலும் பெட்ரோனாஸ் பெயரைத் தாங்கிய இணையப் பெயர்கள் குறித்த வழக்கு உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. நிறுவனத்திற்குச் சார்பாக 2003இல் இடைக்காலத் தடையாணை பிறந்தது.

வழக்கு மன்றம் வரை செல்ல இயலாதோர்க்கு எளிய வழியொன்றும் வகுக்கப்பட்டது. டாட் மை பெயர்கள் பற்றிய பூசல்களைத் தீர்க்கும் பணி, 1978 முதல் கோலாலம்பூரில் இயங்கிவரும் வட்டார நடுவர் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மன்றம் 2018 முதல் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் எனப் பெயர் பெற்றுள்ளது. டாட் காம் பெயர்களுக்கான உலக விதியின்படி, எதிரி அப்பெயரைத் தீய நோக்குடன் பதிந்ததையும் தீய நோக்குடன் பயன்படுத்தியதையும் ஒருங்கே மெய்ப்பித்தல் வேண்டும். மலேசிய விதியோ இரண்டில் ஒன்றை மெய்ப்பித்தாலும் போதும் என்கின்றது. பிறர் பெயரைப் பதுக்குவோர்க்கு இந்நாட்டு விதி சற்றுக் கடுமையானது என்பது இதனால் விளங்கும்.

தமிழெழுத்தில் பெயர்

இதுகாறும் கண்டவை யாவும் உரோமன் எழுத்தில் அமைந்த பெயர்கள். தமிழ் எழுத்திலேயே இணையப் பெயர் அமையவேண்டும் என்ற வேட்கையின் தொடக்கம் மலேசியாவின் அண்டை நாட்டில் நிகழ்ந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. அதற்கு உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. அவருடன் பணியாற்றிய பேராசிரியர் டான் டின் வீ, 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பன்மொழி இணையப் பெயர்களுக்கான சோதனையைத் தொடங்கினார். சீனம் முதலிய ஆசிய மொழிகளோடு தமிழும் அச்சோதனையில் இருந்தது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கியது. 2000இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் உத்தமம் அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

2003இல் பன்மொழிப் பெயர்களுக்கான உலகத் தரம் வெளிவந்தது. வேற்றெழுத்துப் பெயர் ஒவ்வொன்றையும் கணினி தனக்குள் உரோமன் எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்ளும். படிப்பவர் காண்பது தமிழாகவே இருக்கும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே உலகப் பதிவேட்டில் ஏறின. தமிழ் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் அத்தகைய குறி உண்டு, தமிழில் இல்லை. ஒரு நாட்டின் அரசலுவல் மொழியில் அமைந்த பெயருக்கே அவ்வாய்ப்பு வழங்கப்பட்டமை அதற்குக் காரணம். எனினும் டாட் காம் போன்ற குறிகளின்கீழ்த் தமிழ் எழுத்தில் பெயர் பதிவதற்கு மலேசியத் தமிழர்க்குத் தடையேதும் இல்லை. வாயில் திறந்துள்ளது, நுழைந்தோர் குறைவு.

துண்டாடலும் கூட்டுடைமையும்

இப்பெயர்ச் சந்தையைக் கண்டு மலைப்போர், மலேசியத் தமிழர் வரலாற்றில் ஏற்கெனவே ஒரு சந்தை நிகழ்ந்து முடிந்ததை நினைவிற் கொள்ளுதல் நன்று. 1950களில் பிரிட்டிஷ் முதலாளிகள் பலர் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி இலாபத்திற்கு விற்றனர். அவர்களுள் பலருக்குத் தோட்டம் விளையவேண்டும் என்ற நோக்கம் இல்லை. விலை ஏறவேண்டும் என்ற நோக்கமே இருந்தது. தலைமுறைகளாக அங்கு உழைத்தோர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அவர்கள் வாழ்ந்த இடம், ஒருநாளும் அவர்கள் பெயரில் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை.

இத்துண்டாடலுக்கு விடையாக 1960இல் எழுந்தது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகப் பங்குப் பணம் திரட்டினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. அதனை வாங்கியோர் விற்பதற்காக வாங்கவில்லை; அதில் வாழ்வதற்காகவும் உழைப்பதற்காகவும் வாங்கினர். பதுக்கலுக்கும் முதலீட்டிற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. பயன்படுத்துவோர் கையில் பத்திரம் இருத்தல் வேண்டும். அப்பத்திரம் தனியாள் பெயரிலன்றிக் கூட்டின் பெயரில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டே அச்சங்கம் கற்பித்த பாடம்.

இப்பாடம் இணையப் பெயருக்கும் அப்படியே பொருந்துகின்றது. தமிழ்ப்பள்ளி, கோவில், நூலகம், எழுத்தாளர் அமைப்பு, இதழ் ஆகியவற்றின் இணையப் பெயரை ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரோ வலைத்தளம் அமைத்துத் தந்த வணிகரோ தம் பெயரில் பதிந்து வைப்பது எங்கும் நிகழக்கூடிய ஒன்று. நல்லெண்ணத்தில் செய்வதே ஆயினும் அதில் கேடு உண்டு. அவர் ஊர் மாறினால், மறைந்தால், மனம் மாறினால், அல்லது புதுப்பிக்கும் நாளை மறந்தால், நிறுவனம் தன் பெயரை இழக்கும். நூற்றாண்டு கண்ட பள்ளியொன்றின் பெயரடியில் நாளை எவரோ சூதாட்ட விளம்பரம் வைக்கக்கூடும். அதனைத் தேடிவரும் மாணவன் காண்பது எதுவாக இருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தல் தகும்.

இதனைத் தவிர்த்தல் கடினமன்று. பெயர் நிறுவனத்தின் பேரிலேயே பதியப்படல் வேண்டும். புதுப்பிக்கும் நாள், நிலவரி கட்டும் நாளைப் போல நிருவாகக் குழுவின் குறிப்பேட்டில் இடம்பெறல் வேண்டும். பதிவுக் கணக்கின் திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இராமல், பொறுப்பாளர் இருவரிடமேனும் இருத்தல் வேண்டும். தலைமை மாறும்போது பள்ளியின் பொருள்களை ஒப்படைப்பது போல இதனையும் எழுத்து மூலம் ஒப்படைத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒழுங்கு ஒன்றே போதும்.

பெயரை வாங்கி விற்று இலாபம் காண்போர் உலகில் என்றும் இருப்பர். அவருள் சிலர் செல்வராவர். பலர் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிக் களைப்பர். ஆனால் பயன்பாடின்றிப் பதுக்கப்பட்ட பெயர் எதனையும் வரலாறு நினைவில் வைப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது, அதனை எவரோ பதிந்து பூட்டி வைத்ததனால் அன்று. சூளையிட்டவரும், தண்டவாளம் போட்டவரும், கோவில் எழுப்பியவரும், பூ விற்றவரும் அங்கு நாளும் உழைத்ததனால் நிலைத்தது. தமிழ்ப் பெயர்கள் இணையத்தில் நிலைபெற வேண்டுமாயின் அவற்றின் அடியில் தமிழ்ப் பணி நடைபெறல் வேண்டும். பாடநூல் குறிப்புகளும், ஊர் வரலாறுகளும், பழைய இதழ்களின் தொகுப்புகளும், மாணவர் எழுதிய கட்டுரைகளும் அங்குக் குவிதல் வேண்டும். பெயரில் இடும் முதல் பணம் சிறிது. அதன்மேல் இடவேண்டிய உழைப்பே பெரிது.